தங்கை கீபோர்டை மாற்றினாள்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து, உடம்புக்கு ஒன்றும் வராமல் வேலைக்குப் போய் வருகிறாய் என்று நம்பி இதை ஆரம்பிக்கிறேன். சொல் என்னுடையது, கையெழுத்து உன் தங்கையுடையது. சலவை சோடாவில் ஊறிப்போன என் விரல்கள் பேனாவைப் பிடித்தால் இரண்டு வரிக்கு மேல் மடங்க மாட்டேன் என்கின்றன. நான் வாய்க்கு வந்தபடி சொல்ல, அவள் அதைப் புத்தகத்தில் வருகிற மாதிரி ஒழுங்காக்கி எழுதுகிறாள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டாலும் கையில் கிடைப்பதை எல்லாம் படிப்பதை அவள் விடவில்லை, அது உனக்கே தெரியும். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ பேசுவாய், நான் ம் ம் என்பேன், வைத்த பிறகுதான் நான் சொல்ல நினைத்தது ஞாபகம் வரும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். அவளுக்கு நீ பார்த்திருக்கும் மாப்பிள்ளை விஷயமாகத்தான் எழுதுகிறேன். "வாயத் தெறக்காத பொண்ணும்மா, நமக்கப்பறம் யாரு பாத்துக்குவா, நல்ல எடமா வந்திருக்கு, முடிச்சிடலாம்" என்று நீ சொன்னபோது நானும் சரி என்றேன். அந்தச் சரியைத் திருப்பி வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். கோபப்படாமல் கடைசி வரை படி.

அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் லிஃப்டுக்குள் உட்கார ஒரு ஸ்டூல் கொடுத்திருக்கிறார்கள், ஸ்டூல் வந்ததிலிருந்து அவருக்குப் பெரிய ஆபீசர் நினைப்பு. அதே ஆஸ்பத்திரியில் எங்கள் சலவைப் பிரிவுக்குப் புது மெஷின் ஒன்று வந்திருக்கிறது, படுக்கை விரிப்பைப் பாதி காயவைத்தே வெளியே தள்ளிவிடுகிறது, ஆனால் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. நீ குளித்த தலையோடு வெளியே போகாதே. அறையில் கூட இருப்பவர்களோடு சண்டை என்றாயே, விட்டுக்கொடுத்துப் போ, ஆனால் உன் சோப்பை மட்டும் யாருக்கும் கொடுக்காதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய பழைய போனில் எழுதப் போனால் நீ வேலை பார்க்கிற ஊர் எழுத்துத்தான் வரும். அந்தப் போனுக்கு அந்தப் பாஷைதான் தெரியும்போல என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நீ நீளமாக எழுதி அனுப்புவாய், நான் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பேன். போன மாதம் ஒரு மதியம் உன் தங்கை அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். செட்டிங்ஸ் என்று ஒன்று இருக்கிறதாம், அதற்குள் போனால் மொழி, அதற்குள் போனால் கீபோர்டு, வீட்டுக்குள் வீடு மாதிரி போய்க்கொண்டே இருக்கிறது. எதையாவது தொட்டு எல்லாம் அழிந்துவிட்டால் அண்ணன் திட்டுவான் என்று நான் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். நடுவில் ஒரு எச்சரிக்கை வேறு வந்தது, இந்தக் கீபோர்டு நீங்கள் எழுதுவதை எல்லாம் சேகரிக்கக்கூடும், சம்மதமா என்று. அவள் விரலைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நம்ம வீட்ல என்னடி ரகசியம் இருக்கு, சேத்துவச்சு அதுக்குத்தான் தலவலி, அமுக்கு" என்றேன். அமுக்கினாள். அப்படியே கீழேயிருந்து நம் எழுத்துகள் வரிசையாக எழும்பி வந்தன. அ, ஆ, இ, எல்லாம் அங்கேயே, அந்தக் கண்ணாடிக்கு அடியிலேயே இத்தனை நாளும் கூப்பிடுவார் இல்லாமல் இருந்திருக்கின்றன.

அதைவிடப் பெரியது அதன் ஓரத்தில் இருந்த மைக் படம். அதைத் தொட்டால் பேசுங்கள் என்கிறது. நான் சும்மா, "டேய், சாப்பிட்டியா" என்றேன். சொல்லி வாயை மூடுவதற்குள் அது எழுத்தாக வந்து நிற்கிறது! நாற்பது வருஷமாக நான் பேசிய பேச்செல்லாம் காற்றோடு போயிற்று, முதல்முறையாக என் பேச்சை என் கண்ணால் பார்த்தேன். அப்பா எதையும் கண்டுகொள்ளாத மாதிரி கால் மேல் கால் போட்டுக்கொண்டு இருந்தார், பிறகு மெதுவாகப் பக்கத்தில் வந்து, "மூணாவது மாடி, எறங்குறவங்க எறங்குங்க" என்று போனுக்கு உத்தரவு போட்டார். அதுவும் எழுத்தாக வந்தது. "எனக்கு மரியாத குடுக்குது பாத்தியா" என்று அன்றைக்கு முழுக்க ஒரே சிரிப்பு. அப்புறம் உன் தங்கை முறை. அவள் பேசினாள், திரையில் ஒன்றும் வரவில்லை. உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது, போனுக்குக் கேட்கவில்லை. பேசுங்கள் என்று திரும்பவும் கேட்டது. அவள் இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ச் சொன்னாள், அப்போதும் இல்லை. மறுபடியும் பேசுங்கள் என்றது. வகுப்பில் எழுந்து வாசித்தபோது அந்தப் பிள்ளைகள் சிரித்தார்களே, அன்றோடுதானே அவள் குரல் உள்ளே போய் ஒளிந்துகொண்டது. இது சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை, நேரமாகிறது என்று சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தது. அவளும் விடவில்லை. நான் அடுப்படியில் இருந்தபோது, "அம்மா" என்று வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். அவள்தான், போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். அம்மா என்று எழுதியிருந்தது. (இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், இதெல்லாம் எதுக்கும்மா என்கிறாள். தன் பெருமையைத் தானே எழுதுற கொடுப்பினை யாருக்குடி கிடைக்கும், எழுது என்று மிரட்டி எழுத வைக்கிறேன்.)

இது எங்கள் பிரிவில் பரவிவிட்டது. இஸ்திரி போடும் அக்கா முதலில் தன் போனை நம் வீட்டுக்கே கொண்டுவந்தாள், அவள் மகளுக்கு எழுத வேண்டுமாம். உன் தங்கை மாற்றிக் கொடுத்து, மைக்கைத் தொடச் சொல்லி ஜாடை காட்டினாள். அக்கா, "வாயத் தெறந்து சொல்லுடி, எனக்கு என்ன தெரியும்" என்று அதட்டியதும் வேறு வழியில்லாமல் வாயைத் திறந்து சொன்னாள். அடுத்தடுத்து ஆள் வந்தார்கள், ஒவ்வொருவருக்கும் சொல்லித்தானே ஆகவேண்டும். கடைசியில் எங்கள் சூப்பர்வைசர் அம்மாவே வந்தார். தன் போனை மாற்றி வாங்கியதும் உன் தங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "துணி கவுண்டர்ல ஒரு ஆள் வேணும். வார்டுலேர்ந்து போன் வரும், பேசிக் குறிச்சுக்கணும். வர்றியாம்மா" என்று கேட்டார். இவள் தரையைப் பார்த்தாள். நான் அவளுக்காகப் பதில் சொல்ல வாயெடுத்தேன், அந்த அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டார். "திங்கட்கிழம வந்து அவளே சொல்லட்டும், போன் பேசற வேலை இல்லையா" என்றார். அதே வாரம்தான் நீ மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன பதில் சொல்ல என்று கேட்டாய், நான் சரி என்றேன். இவளிடம் கேட்டால் எப்போதும் போலச் சுவரைப் பார்த்தாள், சரி சம்மதம்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கொடியில் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தேன். சின்ன அறை சாத்தியிருந்தது. உள்ளே உன் தங்கை யாருடனோ பேசுகிறாள். முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் சத்தமாக, பிறகு இன்னும் சத்தமாக, ஒரே பேச்சைத் திரும்பத் திரும்ப. "மேடம், நான் வேலைக்கு வர்றேன். மேடம், நான் வேலைக்கு வர்றேன்." நடுவில் வேறொன்று. "அண்ணா, எனக்கு இப்பக் கல்யாணம் வேண்டாம். அண்ணா, வேண்டாம்." கதவைத் தள்ளினேன். போனைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, அறையின் அந்தக் கோடியில் போய் நின்றுகொண்டு பேசியிருக்கிறாள். திரை நிறைய அந்த வரிகள். "அவ்வளவு தூரத்துலேர்ந்து சொல்லியும் இதுக்குக் கேட்டுச்சும்மா, அப்ப மெஷின் ஓடறப்ப அவங்களுக்கும் கேக்கும்ல" என்றாள். நான் அவளைப் பெற்றவள், அவள் மனதில் என்ன இருக்கிறது என்பதை ஒரு கண்ணாடியில் படித்துத் தெரிந்துகொண்டேன். உனக்கு எழுதியதை அனுப்பிவிடு என்றேன். "அண்ணன் கோவிச்சுக்கும்" என்று அழித்துவிட்டாள்.

திங்கட்கிழமை என்னோடு வந்தாள். நான் துணி வண்டியைத் தள்ளுகிற மாதிரி மெஷினுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவள் சூப்பர்வைசர் அம்மாவின் மேஜை முன்னால் போய் நின்றாள். புது மெஷின் போடும் சத்தத்தையும் மீறி என் காது வரைக்கும் கேட்டது, "மேடம், நான் வேலைக்கு வர்றேன்!" இஸ்திரி அக்கா பெட்டியை அப்படியே தூக்கிப் பிடித்தபடி நின்றுவிட்டாள். அந்த அம்மா, "ஏம்மா கத்தற, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றார், பிறகு சிரித்துவிட்டார், இவளும் சிரித்தாள். மகனே, நான் இரண்டு பிள்ளை பெற்றவள், எத்தனையோ பார்த்தவள், ஆனால் அன்றைக்கு வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மலையே அசைந்து வந்த மாதிரி இருந்தது எனக்கு.

ஆகவே மாப்பிள்ளை வீட்டாரிடம் மரியாதையாகச் சொல்லிவிடு, பெண் வேலைக்குப் போகிறாள், இப்போது இல்லை என்று. அவர்கள் நல்லவர்கள்தான், வருத்தப்பட்டால் பழியை என் மேல் போடு. நீ அவள் நல்லதற்குத்தான் பார்த்தாய், அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், நினைத்ததெல்லாம் உனக்குக் கைகூட வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்ததும் தகவல் சொல், உன் சளி மாத்திரை தீர்ந்திருந்தால் வாங்கிவிடு.

என்றும் உன் நலம் நினைக்கும்
அம்மா

அண்ணா, மேலே உள்ளதெல்லாம் அம்மா சொன்னது. இது நான். வேண்டாம் என்று சொன்னது அம்மா இல்லை, நான்தான். அம்மாவைத் திட்டாதே. அடுத்த முறை நீ பேசும்போது போனை என்னிடம் கொடுக்கச் சொல். முதலில் குரல் வராமல் போகலாம். வைத்துவிடாதே அண்ணா, கொஞ்சம் காத்திரு. வரும்.