தொப்பூர் இறக்கத்தில் நின்றுபோன என்ஜின்

பாய்,

நேற்று சேலம் போகிற பஸ்ஸில், தொப்பூர் இறக்கத்தில், பிரேக் லைனிங் தீய்ந்த வாடை ஜன்னல் வழியாக வந்தது. முன்னால் போன லாரியிலிருந்து வந்த வாடை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள். எனக்கு உங்கள் லேத் பட்டறையும், என் பழைய பிக்கப் வேனும், நான் உங்களுக்குச் செய்த ஒரு காரியமும் ஞாபகம் வந்தன. நீங்கள் போய் ஏழு வருடம் ஆகிறது. உயிரோடு இருந்தபோதே இதைப் பேசித் தீர்த்துக்கொண்டோம். இருந்தாலும் ஒரு தடவை முழுதாக எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

எண்பதுகளின் நடுவில் நான் வாங்கிய அந்த வேன் பெட்ரோல் வண்டி. பெட்ரோல் போட்டு ஓட்டிக் கட்டாது என்று நீங்கள்தான் உடைந்த ஜீப் ஒன்றின் டீசல் என்ஜினை அதில் ஏற்றிக் கொடுத்தீர்கள். ஏற்றத்தில் நன்றாக இழுத்தது. பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு தொப்பூரில் இறங்கும்போதுதான் தொல்லை. பாதி இறக்கத்திலேயே சக்கரத்தின் பிரேக் டிரம் சூடேறிக் காய்ந்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். கீழே போய் நிறுத்திச் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றுவேன். ஒரு நாள் கூட வந்த நீங்கள் அதைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டீர்கள். “காஞ்ச டிரம்முல தண்ணி ஊத்துனா விரிசல் வுட்ரும்யா. பிரேக்க நம்பாம வண்டிய இறக்க வழி இருக்குது.”

பழைய லாரி ஒன்றிலிருந்து கழற்றிய எக்ஸாஸ்ட் பிரேக்கைக் கொண்டுவந்தீர்கள். அது என் வண்டிக்குப் பெரிசு. லேத்தில் புதிதாக ஒரு கூடு கடைந்து, என் சைலன்சர் குழாயின் அளவுக்கு ஒரு வட்டத் தகட்டைப் பொருத்தினீர்கள். ஸ்டியரிங் பக்கத்தில் அதற்கென்று நீங்கள் வைத்த லீவரை இழுத்தால் தகடு திரும்பிக் குழாயை அடைத்துக்கொள்ளும். புகை போக வழியில்லாமல் என்ஜின் திணறும். அந்தத் திணறல் வண்டியைப் பின்னாலிருந்து யாரோ பிடித்திழுப்பது மாதிரி மட்டுப்படுத்தும். டாப் கியரில் பிடிப்பு அவ்வளவாகத் தெரியாது. இரண்டாவது கியரில் நன்றாகத் தெரியும்.

மாட்டி முடித்த அன்றைக்கே சொன்னீர்கள். “மாதையா, லீவர இழுத்து வெச்சிருக்கறப்ப கிளட்ச மிதிக்காத. மிதிச்சா சக்கரத்துக்கும் என்ஜினுக்கும் தொடுப்பு விட்ரும். மூச்சடைச்ச என்ஜின் தன்னால ஓடுமா? நின்னுரும். என்ஜின் நின்னா பிரேக்குக்கு ஒதவுற வேக்கம் பம்பும் நின்னுரும். ரெண்டு மிதிக்குத் தாங்கும், அப்பறம் பெடல் கல்லாயிரும். கியரு மாத்தணும்னா மொதல்ல லீவர வுடு.”

“சரிங்க பாய்” என்றேன்.

அது நன்றாகவே வேலை செய்தது. வேன் ஸ்டாண்டிலிருந்து இன்னும் நாலு டிரைவர்கள் வந்து தங்கள் வண்டிகளுக்கும் அதே மாதிரி செய்து வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு அந்தத் திங்கட்கிழமை காலை. தக்காளிக்காரம்மா கெம்பம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தன் சரக்கோடு தானே சந்தைக்கு வருகிறவர். இறக்கத்தில் இரண்டாவது கியர், லீவர் இழுத்த நிலையில், என்ஜின் அலறிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. முன்னால் பாதை காலியாக இருந்தது. மூன்றாவது கியர் போட்டு வேகமாக முன்னால் போய் ஒதுங்கிவிடலாம் என்று நினைத்தேன். லீவரை விடாமல் கிளட்சை மிதித்துவிட்டேன்.

சத்தம் அப்படியே நின்றது. கியர் எதிலும் விழவில்லை. வண்டி சும்மா உருண்டு வேகம் எடுத்தது. முதல் மிதிக்குப் பிரேக் கொஞ்சம் பிடித்தது. மூன்றாவது மிதிக்குக் கால்தான் வலித்தது. லீவரை விட்டுச் சாவியைத் திருப்பியிருக்கலாம்; கைக்கு அது தோன்றவே இல்லை. இடது பக்கம் மலையை வெட்டிய மண்மேட்டில் திருப்பி மோதினேன். கெம்பம்மாவின் இடது கை முறிந்தது. எனக்கு உதடு கிழிந்தது. ரோடெல்லாம் தக்காளி.

ஓடிவந்தவர்களில் நம் ஸ்டாண்டுக்காரர் ஒருவரும் இருந்தார். “என்னப்பா ஆச்சு?” என்றார்.

“பாய் போட்டுக் குடுத்த பிரேக்குண்ணா. அதுதான் என்ஜின நிறுத்திப்புடுச்சு.”

யோசித்துச் சொன்னதில்லை அது. பதினோரு வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவன் என்று ஸ்டாண்டில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதைக் காப்பாற்றிக்கொள்ள வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகு மாற்றிச் சொல்லத் தைரியம் வரவில்லை.

நொறுங்கிய வண்டியைச் சரிசெய்ய வந்ததும் நீங்கள்தான். ஒரே ஒரு தடவை கேட்டீர்கள். “கிளட்ச மிதிச்சியா?”

“இல்லிங்க பாய்.”

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டீர்கள்.

அடுத்த ஒரு மாதத்தில் உங்கள் பட்டறைக்கு வருவோர் குறைந்தார்கள். வழியில் பார்க்கிறவர்கள் உங்களிடம் பேச்சைச் சுருக்கிக்கொண்டார்கள். நான் வண்டியை எடுத்துப்போக வந்த நாளில், நம் ஸ்டாண்டின் டிரைவர் ஒருவர் தன் வேனிலிருந்த எக்ஸாஸ்ட் பிரேக்கைக் கழற்றிக் கொடுக்கச் சொல்லி நின்றிருந்தார். “பயமா இருக்குதுங்க பாய். புள்ளகுட்டிக்காரன்” என்றார். நீங்கள் உங்கள் கையால் கடைந்த கூட்டை உங்கள் கையாலேயே கழற்றினீர்கள். கழற்றியதைத் துணியால் துடைத்து பெஞ்சில் வைத்தீர்கள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் போனதும் சொன்னேன். “பாய், நான் கிளட்ச மிதிச்சேனுங்க. லீவர வுடாம மிதிச்சேன்.”

“தெரியும்” என்றீர்கள்.

ஆஸ்பத்திரியில் கெம்பம்மாவைப் பார்க்கப் போயிருக்கிறீர்கள். அவருக்கு எந்திரம் ஒன்றும் தெரியாது. ஆனால், “எடது கால்ல மிதிச்சாரு, சத்தம் நின்னுபோச்சு” என்று, கிளட்ச் மிதிக்கிற காலைச் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

“அப்பறம் ஏன் பாய் யாருகிட்டயும் சொல்லல?”

“நான் சொன்னா எம் பொழப்புக்குச் சொன்னதாத்தான் ஆவும். நீ சொன்னாத்தான் அவங்க காதுல ஏறும்.” கையைத் துடைத்துக்கொண்டே சேர்த்துச் சொன்னீர்கள்: “ஒரு மாசமா உம் மூஞ்சியப் பாக்கவே புடிக்கலய்யா. இன்னிக்கும் புடிக்கல. வா, ஸ்டாண்டுக்குப் போலாம்.”

ஸ்டாண்டில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். ஒருவர் சிரித்தார். ஒருவர் கெட்ட வார்த்தையால் திட்டினார். நீங்கள் அதோடு விடவில்லை. அந்த பிரேக்கைச் செய்து வாங்கிய நாலு பேரையும் என் காலி வண்டியில் ஏற்றி, தொப்பூரின் அடிவாரத்துக்குக் கூட்டிப்போனீர்கள். இறக்கம் முடிந்து சமமாகும் இடத்தில், மெதுவாக ஓட்டி, லீவரை இழுத்து, கிளட்சை மிதிக்கச் சொன்னீர்கள். என்ஜின் நின்றது. பிரேக்கை மிதிக்கச் சொன்னீர்கள். இரண்டு மிதிக்குப் பிறகு பெடல் இறுகியது. ஒவ்வொருவரையும் என் இடத்தில் உட்காரவைத்து அதே மாதிரி செய்யவைத்தீர்கள். கழற்றியவர் மறுநாளே வந்து மறுபடியும் மாட்டிக்கொண்டு போனார்.

அன்று திரும்பி வரும் வழியில், “கெம்பம்மா வூட்டுக்கு எப்பப் போற?” என்று மட்டும் கேட்டீர்கள். மறுநாள் போனேன். அவர் கை கடைசிவரை முழுதாக நீளவில்லை. “எனக்கு அப்பவே தெரியும் சாமி. சொல்ல இத்தன நாளா?” என்றார். அடுத்த வாரமே அவர் தக்காளியை என் வண்டியில்தான் ஏற்றினார். இறக்கம் முழுக்க என் இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நீங்கள் என்னோடு பழையபடி பேச ஒரு வருடம் ஆனது. அதற்கு நான் உங்களைக் குறை சொன்னதில்லை.

போன பொங்கலுக்கு மகனுடைய காரைப் பின்னால் எடுக்கும்போது பக்கத்து வீட்டுக் கம்பவுண்டுச் சுவரை இடித்துவிட்டேன். கண் முன்போல இல்லை. தெருவில் ஒருவரும் இல்லை, பாய். என்ஜினை அணைக்கக்கூட இல்லை, இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். “நாந்தாங்க இடிச்சேன்” என்றேன். வீட்டுக்காரர் செருப்பு மாட்டிக்கொண்டு வந்து பார்ப்பதற்குள், வண்டியை அணைத்து, சத்தம் கேட்டு வெளியே வந்த மகன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டேன். இனி நான் ஓட்டுவதில்லை.