மிஷின்ல பதிஞ்ச மூச்சு

“இப்ப சந்தோஷமா சித்தி?”ன்னு ஒரே வரி அனுப்பியிருந்தியே கண்ணு, அதுக்குப் பதில் சொல்லத்தான் காகிதத்தை எடுத்தேன், போன்ல சொன்னா நீ பாதியில வச்சிருவ, இதைக் கடைசி வரைக்கும் படிச்சுத்தான் ஆகணும். மொதல்ல நீ சுகமா இருக்கியா, வேளைக்குச் சாப்பிடறியா, அந்தக் குளிர் உன் நெஞ்சுக்கு ஒத்துக்குதா, அதைத்தான் தினம் சாமிகிட்ட கேட்டுக்கிட்டிருக்கேன். இங்க உங்கப்பாவும் நானும் உயிரோட இருக்கோம், ஒரே வீட்ல இருக்கோம், அதுக்கு மேல நல்லா இருக்கோம்னு எழுத கை வரல, ஆண்டவன் மன்னிக்கட்டும்.

தெரிஞ்ச கதையையே சொல்றாளேன்னு நெனைக்காத, உனக்குப் பாதிதான் தெரியும். பஸ் ஓட்டும்போது கண்ணு சொருகுதுன்னு டெப்போவுல உங்கப்பாவை வண்டியில இருந்து எறக்கி, தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் குடுத்தப்ப கூடப் போனது நான்தான். தலையில ஒயரு, நெஞ்சுல பட்டை, மூக்குக்குக் கீழ குழாய், விரல்ல ஆக்ஸிஜன் பாக்கற கிளிப்பு, பார்சல் கட்டின மாதிரி படுத்திருந்தாரு மனுஷன். மறுநாள் தூக்க டாக்டர் நிதானமா சொன்னாரு, தூக்கத்துல பத்து செகண்டாவது மூச்சு நின்னா அதுக்குப் பேரு ஆப்னியா, முழுசா நிக்காம கொறைஞ்சு போயி ஆக்ஸிஜனும் எறங்கினா அது ஹைப்போப்னியா, ரெண்டையும் கூட்டி மணிக்கு எத்தனைன்னு பாப்பாங்களாம், அஞ்சுக்குள்ள இருந்தா பயமில்ல, முப்பதைத் தொட்டா கடுமை, உங்கப்பாவுக்கு நாப்பத்திரெண்டு. தொண்டைச் சதை தளர்ந்து வழியை அடைக்குதாம், அந்தக் கொறட்டையும் அதனாலதான், சோத்துத் தட்டுக்கு முன்னால தூங்கி விழறதும் அதனாலதான். எட்டாவதோட படிப்பை நிறுத்தினவ நான், இத்தனையும் மளிகை லிஸ்ட்டுக்குப் பின்னால எழுதி வச்சு மனப்பாடம் பண்ணினேன், நீ ஒரு நாளாவது என்கிட்ட கேட்டிருப்பியா?

தூங்கும்போது மாட்டிக்கற மிஷினை நீ வாங்கி அனுப்பின, நல்ல மனசு, இல்லேன்னு சொல்லல. காத்தை அழுத்தி உள்ள அனுப்பி தொண்டையைத் தொறந்தே வச்சிருக்கும்னு ஆஸ்பத்திரியில மாஸ்க் மாட்டிவிடற அம்மா சொல்லிக் குடுத்தாங்க, மாஸ்க் ஓரமா காத்து கசிஞ்சா லீக், தண்ணி டப்பாவுல தண்ணி வைக்கலேன்னா தொண்டை காஞ்சு போகும், எல்லாம் கேட்டுக்கிட்டேன். உங்கப்பா ரெண்டு நாள் மாட்டினாரு. மூணாவது நாள், இந்தத் தும்பிக்கையோட படுத்தா எமன் வந்தாக்கூட யாரோன்னு திரும்பிப் போயிருவான்டின்னு கழட்டிப் போட்டாரு. மிஷின் கணக்கெல்லாம் உன் போனுக்கு வருமே, நீ அங்க பாத்துட்டு, சைபர் காட்டுது, பக்கத்துல இருந்து என்னதான் சித்தி பண்றீங்கன்னு என்னை அந்தச் சத்தம் போட்ட. அவரு சிரிச்சுக்கிட்டே, அவனுக்கு நம்பர்தானே வேணும், நீ மாட்டிக்கிட்டுப் படுன்னாரு.

மாட்டிக்கிட்டேன். மூணு மாசம். நீ தினம் காலையில பாத்த ஏழு மணி நேரமும், லீக் இல்லேங்கறதும் என் மூச்சு. நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டற பொம்மையை அவருக்கு அனுப்புவ, அவரு டீயைக் குடிச்சுக்கிட்டே, பாரு புள்ள பாராட்டறான்னு என்கிட்டயே காட்டுவாரு. என் கன்னத்துல பட்டை அழுத்தின கோடு மத்தியானம் வரைக்கும் இருக்கும், தையல் கடையில கூட வேலை பாக்கறவ, என்னக்கா மூஞ்சியில டேப் வச்சு அளவெடுத்தியான்னு கேலி பண்ணுவா. நீ வீடியோவுல பேசின நாள்ல கேமராவை அவரு பக்கம் திருப்பச் சொன்ன, அதனால உன் கண்ணுல படல. உன் மனசு நிம்மதியா இருக்கட்டும்னுதான் செஞ்சேன், அந்த ரிப்போர்ட்டைத்தான் டெப்போவும் கேக்கும்னு சத்தியமா எனக்குத் தெரியாது. உங்கப்பாவுக்குத் தெரியும்.

சிகிச்சை நல்லா போகுது, வண்டி ஓட்டலாம்னு காகிதம் வந்த அன்னிக்கே நான் வாயைத் தொறந்திருக்கணும். தொறக்கல. சாமி பாத்துக்கும்னு கும்பிட்டுட்டுப் பேசாம இருந்தேன், அது பக்தி இல்ல கண்ணு, பயம். பத்தாவது நாள் பட்டப்பகல்ல சிக்னல்ல நின்ன பஸ்ஸு, அவரு கண்ணு சொருகி பிரேக்குல இருந்து காலு நழுவினதுல முன்னால உருண்டுச்சு. முன்னால ஸ்கூட்டர்ல நின்ன ஒரு நர்சம்மாவுக்கு வலது கை ரெண்டு எடத்துல முறிஞ்சுது. விசாரணையில உங்கப்பா என்ன சொன்னாருன்னு உனக்குச் சொன்னாரா? நான் தூங்கவே இல்ல, ரிப்போர்ட்டைப் பாருங்க, அந்தப் பொம்பளைதான் குறுக்க வந்து விழுந்தான்னு சொன்னாரு. ரிப்போர்ட்டும் சுத்தமா இருந்துச்சு, என் மூச்சாச்சே, இருக்காதா. தப்பு அந்தம்மா மேலன்னு எழுதப் பாத்தாங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போயி அவங்களைப் பாத்தேன், இடது கையால தலை வாரிக்கத் தெரியாம சீப்பை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. வாரிவிட்டேன். நான் யாருன்னு சொல்ல தைரியம் வரல. அங்கிருந்து நேரா டெப்போவுக்குப் போயி, மாட்டினது நான்தான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவரை வண்டியில இருந்து மறுபடி எறக்கி ஆபீஸ்ல உக்கார வச்சுட்டாங்க, வீட்டுக்காரியே குழி பறிச்சிட்டான்னு உன்கிட்ட அழுதிருக்காரு, நீயும் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம அந்த ஒரு வரியை அனுப்பிட்ட. உனக்கு ஒம்பது வயசுல நான் உங்கப்பாவைக் கட்டிக்கிட்டு வந்ததுல இருந்து, மூச்சு இழுக்கும்போதெல்லாம் உன்னை மடியில நிமித்தி உக்கார வச்சிருந்தவ நான், அதை ஞாபகப்படுத்தக் கூடாதுன்னுதான் இருந்தேன், எழுத வச்சுட்ட. சந்தோஷம் இல்ல கண்ணு. ஆனா இனிமே பஸ்ல ஏறறவங்க உசுருக்கு என் மூச்சு ஜாமீன் நிக்காது, அது போதும்.

உங்கப்பா என்கிட்ட பேசறதில்ல, நீ சொன்னா கேப்பாரு. நம்பரைப் பாக்காத, அவரையே கூப்பிட்டு மாஸ்க்கை மூஞ்சியில மாட்டிக் காட்டச் சொல்லு, கண்ணால பாரு. அவரு இப்படியே மூச்சு நின்னு நின்னு கெடந்தா இருதயம் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, எனக்கு வேண்டியதும் அவரு உசுருதான், வேற என்ன. நீ ஆயுசோட, தொண தேடிக்கிட்டு, கண்ணு கலங்காம இருக்கணும், எந்தக் கோவத்துல எழுதினாலும் இதுல மாத்தமில்ல. இன்ஹேலரைப் பையிலயே வச்சுக்கோ, மறந்துட்டு வெளிய போகாத.

உன் சித்தி

எழுதி மடிச்சப்பறம்தான் ஞாபகம் வருது, நான் மாட்டினதா எழுதிக் குடுத்ததும் அந்த மாஸ்க் அம்மா மூணு மாசக் கணக்கையும் மறுபடி பாத்துட்டு, மூச்சு அடைச்சாதான் மிஷின் தானா அழுத்தத்தை ஏத்தும், நல்லா இருக்கறவங்களுக்கு இவ்வளவு ஏத்தாதும்மா, உங்களுக்கும் மூச்சு நிக்குது போலிருக்கு, பதினெட்டாந்தேதி பரிசோதனைக்கு வாங்கன்னாங்க, வருஷக்கணக்கா காலையில வர்ற தலைவலி அந்த மூணு மாசமும் எனக்கு வரவே இல்ல, கும்பிட்ட பலன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.