பருந்துப் பிடி

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நலம், முக்கால்வாசி. எழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தால் திட்டாதே, இடது கையால் எழுதுகிறேன்.

இந்த ஓவியக்கூடத்தில் பருந்து இரையைப் பிடிப்பதைப் பார்த்து வரைவோம். செத்த எலியைக் கயிற்றில் கட்டி இழுப்பது அன்று என் முறை. கூட வரைகிறவர்களைச் சிரிக்கவைக்க, எலியைச் சட்டைக் கைக்குள் ஒளித்து, வாலை மட்டும் வெளியே விட்டு ஆட்டினேன். பருந்துக்கு நகைச்சுவை தெரியாது, நகச்சுவைதான் தெரியும். வலது கட்டைவிரலில் நகம் இறங்கிவிட்டது. இரை துடித்தால் பிடி இறுகும் என்பதால் மூச்சை அடக்கி நின்றேன்.

"அண்ணா, எடுத்துவிடுங்கண்ணா!"

"இருடா, ஆடாதே! இப்பத்தான் பிடி சரியாத் தெரியுது," என்றார் எங்களுக்குக் கற்றுத்தரும் ஓவியர். எல்லோரும் வரைந்து முடித்த பிறகுதான் விடுவித்தார்கள்.

விரல் மடங்குமா என்று கட்டுப் பிரித்தால்தான் தெரியுமாம். மடங்காவிட்டால் இங்கே எனக்கு இடமில்லை. அன்று ஓவியர் வரைந்த படத்தைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியிருக்கிறார்கள். பருந்து அச்சு அசல். படத்தில் என் கை மணிக்கட்டோடு முடிகிறது.

பொத்தான் இல்லாத சட்டை இரண்டு அனுப்பு, அம்மா. மாட்டிவிடச் சொல்லும் அளவுக்கு இங்கே யாரும் பழக்கமில்லை.

கை வலிக்கிறது, நிறுத்துகிறேன்.

உன் அறுந்த வாலு