நீங்கள் கேட்ட சின்னப் படலை

எனக்கும் என் மகளுக்கும் சடை பின்னிவிட்ட என் ஆசை அக்காவுக்கு,

குசினி வாசலில் பிள்ளைகளை மறிக்க நீங்கள் போடச் சொன்ன சின்னப் படலையைப் போன கிழமை போட்டுவிட்டோம். கொழுவிப் பூட்டும் கொக்கி வெளிப்பக்கம் இருக்கிறது, பிள்ளைகளின் கை எட்டாது. நீங்கள் அளந்து, மானிப்பாயிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்து வைத்த அதே மரச் சட்டங்கள்தான்.

ஹோலில் ஒரு மூலை முழுக்க இப்போது பிள்ளைகளுக்கு. விரிப்புப் போட்டு, அலுமாரியைச் சுவரோடு இறுக்கி, பிளக் ஓட்டைகளை மூடியாயிற்று. விளையாட்டுச் சாமான்கள் எல்லாம் கீழ்த் தட்டில். "உயரத்தில வைச்சா ஏறத்தான் பாப்பினம்" என்று முன்பள்ளி ரீச்சராக நீங்கள் எத்தனை தாய்மாருக்குச் சொல்லியிருப்பீர்கள்! நீங்கள் செய்வதுபோல நானும் முழங்காலில் தவழ்ந்து, பிள்ளையின் கண்ணுக்கு என்னென்ன தெரிகிறது என்று பார்த்தேன். கட்டிலுக்குக் கீழே இரண்டு ஊசியும் ஒரு பற்றரியும் கிடந்தன. என் கணவருக்குச் சிரிப்பு, எனக்கு அழுகை.

மதுராவின் தம்பி தவழத் தொடங்கிவிட்டான், அக்கா. நீங்கள் முகம் பார்க்காமலே போய்விட்ட பிள்ளை.

அவன் என் வயிற்றில் இருந்தபோதுதான் நீங்கள் படலை கேட்டீர்கள். மதுரா அப்போது ஓடித்திரிந்த வயது. குசினியைத் தாண்டினால் கிணற்றடி. தச்சரை வரச் சொல்லவா என்று கேட்டீர்கள். நான்தான் மறித்தேன்.

"வேண்டாம் அக்கா. பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில ஆணி அடிக்கக் கூடாது எண்டு சொல்லுவினம்."

"நீ படிச்சனி, உதையெல்லாம் நம்புறியே?"

"நம்புறனோ இல்லையோ, எனக்குப் பயமாக் கிடக்கு. போன முறை கலைஞ்சது உங்களுக்குத் தெரியுந்தானே?"

அதற்குப் பிறகு நீங்கள் வாதாடவில்லை. "சரி, பிள்ளை பிறக்கட்டும். அதுவரைக்கும் நான்தான் படலை" என்று சொல்லி, கதிரையைக் குசினி வாசலுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். சோற்றுக் கோப்பையும் அங்கேதான், பேப்பர் வாசிப்பும் அங்கேதான். நான் சிரித்தேன். ஒரு கதவுக்கு ஆணி அடிக்கப் பயந்து, சொந்த அக்காவை வாசலில் இருத்தி வைத்தேனே, எனக்கு என்ன புத்தி?

நீங்கள் விழுந்த அன்றைக்கு உங்களைக் கதிரையிலிருந்து எழுப்பியதும் நான்தான். கால் வீங்கியிருக்கிறது, கொஞ்சம் சுடுதண்ணீர் தாருங்கோ என்று அறைக்குள் இருந்து கூப்பிட்டேன். நீங்கள் எழும்பிய நேரம் பார்த்து மதுரா நழுவிவிட்டாள். நீங்கள் ஓடி, கிணற்றுக்கட்டில் ஏறப்போனவளின் சட்டையைப் பிடித்து இழுத்தீர்கள். சவர்க்காரத் தண்ணீரில் சறுக்கி விழுந்தபோதும் அவளை நெஞ்சோடு வைத்திருந்தீர்கள். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. உங்களுக்கு இடுப்பு முறிந்தது. படுக்கையில் கிடந்து நெஞ்சில் சளி கட்டி, மூன்றாம் கிழமை போய்விட்டீர்கள்.

செத்த வீட்டில் எல்லோரும் "அவவின்ரை விதி" என்றார்கள். நானும் தலையாட்டினேன். நீங்கள் படலை கேட்டதையும் நான் மறித்ததையும் ஒருவருக்கும் சொல்லவில்லை. என் கணவருக்குக்கூட இல்லை.

இப்போது ஒரு விஷயம். படலை திறந்து கிடந்தாலும் மதுரா அதைத் தாண்டுவதில்லை. நல்ல பிள்ளை, சொல் கேட்கிறாள் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். நேற்றுத் தம்பி படலையைப் பிடித்து எழும்பப் பார்த்தான். அவள் அவனைக் கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டு கத்தினாள்.

"போகாதை! நான் ஓடினபடியாத்தான் பெரியம்மா செத்தவ!"

உங்கள் ஆண்டுத் திவசத்துக்கு வந்த ஒருவர் அவளின் கன்னத்தைக் கிள்ளி, "உன்னைப் பிடிக்க ஓடித்தானே பெரியம்மா போனவ" என்று சொன்னாராம். அன்றிலிருந்து அதை மனதில் வைத்திருக்கிறாள். நாலு வயதுகூட ஆகவில்லை, அக்கா. என் பாவத்தை அவள் சுமக்கிறாள். நேற்று அவளைத் தூக்கிக்கொண்டு படலையைச் சாத்தினேன், அவ்வளவுதான்.

நாளைக்கு அவள் முன்பள்ளியால் வந்ததும் மடியில் இருத்திச் சொல்லுவேன், அவளின் அப்பாவும் பக்கத்தில் இருக்கத்தக்கதாக. "நீ ஒரு பிழையும் செய்யேல்லை, குஞ்சு. பெரியம்மா படலை போடக் கேட்டவ. வேண்டாம் எண்டது அம்மா." இனி யார் வந்து விதி என்றாலும் அவர்களுக்கும் இதையே சொல்லுவேன். அவள் திரும்பவும் ஓட வேண்டும், அக்கா. அவள் உயிரோடு ஓடித்திரிய வேண்டும் என்றுதானே நீங்கள் விழுந்தீர்கள்.

உங்கள் சொல்லைத் தட்டிய,
உங்கள் ஒரே தங்கை.