மணிமங்கலத்தைத் தொலைத்த சேனாதிபதி

ஒரகடம்,
வியாழக்கிழமை

அன்பு மகள் ஷெர்லினுக்கு அப்பா ஆசியோடு எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் நலம், உன் அம்மாவும் நலம். ஆனால் இந்த இரண்டு நலமும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாமல் இருந்தன, நேற்றுதான் சரியாயிற்று. அங்கே ஸ்வீடனில் பனி ஆரம்பித்துவிட்டது என்று சொன்னாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ, ஸ்டைல் பார்க்காதே. இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது, டீக்கடையில் நாலு பேர் கூடினால் செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்பதுதான் பேச்சு. இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான், ஆனால் சொல்ல ஆரம்பித்தால் நீ சிரிப்பாய், நீ சிரித்தால் எனக்குக் கோபம் வரும், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், கையெழுத்தைக் கிண்டல் பண்ணாதே.

விஷயம் நம் ராஜ்ஜியத்தைப் பற்றியது. உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் புரியும். நான் ரிட்டயர் ஆன புதிதில், இருபது வருஷம் இருங்காட்டுக்கோட்டை கம்பெனியில் செய்த பழக்கத்தில், வீட்டில் உபயோகமில்லாத பொருளுக்கெல்லாம் சிவப்பு சீட்டு ஒட்டிக்கொண்டு இருந்தேன். கம்பெனியில் சிவப்பு சீட்டு ஒட்டினால் அந்தப் பொருள் வெளியே போக வேண்டும், அதுதான் சட்டம். நான் அம்மாவின் தையல் மெஷினுக்கு ஒட்டிவிட்டேன். அவள் அழாத குறையாக உன்னைக் கூப்பிட, நீ என் கையைக் கட்டிப்போட இந்த ராஜா விளையாட்டைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தாய். நீயும் நானும் சேர்ந்து பல்லவர், ஒரு டர்ன் நீ, அடுத்த டர்ன் நான். எதிரே சாளுக்கியர், உன் ஆபீஸில் வேலை செய்யும் திருநெல்வேலிப் பையன் இசக்கிபாண்டி. ஆரம்பத்தில் இதென்ன சின்னப்பிள்ளை சமாச்சாரம் என்றுதான் நினைத்தேன். இப்போது காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் குதிரை லாயத்தைப் பார்க்கிறேன்.

நீ எல்லைக் கணவாயில் கொஞ்சம் வேல் சிப்பாய்களை நிறுத்தியிருந்தாய் அல்லவா, அங்கேதான் சனியன் பிடித்தது. நான் டர்ன் எடுக்கும்போதெல்லாம் அவர்கள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். சண்டை இல்லை, சாலை போடவில்லை, ஏரி வெட்டவில்லை, சோறு மட்டும் தின்றார்கள். கம்பெனி லைனில் அப்படிச் சும்மா நிற்கிறவனைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும், உனக்குத் தெரியும். அவர்கள் நிற்பதே வேலை என்று எனக்குத் தோன்றவில்லையம்மா. படையைக் கலைக்கிற பொத்தானை அழுத்தினேன். கலைத்துவிடவா என்று கணினி கேட்டது, ஆமாம் என்றேன். நிச்சயமாகவா என்று மறுபடியும் கேட்டது, என்னையே கேள்வி கேட்கிறாயா என்று ஓங்கி அழுத்தினேன். சுத்தமான லைனை உன் கையில் ஒப்படைக்கிற நிம்மதியோடு போய் மத்தியானம் தூங்கினேன். எழுந்து வந்து பார்த்தால் இசக்கிபாண்டியின் யானைகள் கணவாய் வழியாகக் கல்யாண ஊர்வலம் மாதிரி ஆடி அசைந்து வந்து மணிமங்கலத்துக்குள் நுழைந்துவிட்டன.

வேறு ஊராக இருந்தால் பரவாயில்லை. உன் அம்மா பிறந்த ஊர் என்று நீ ஆசையாகப் பெயர் வைத்தது. அதுவும் நிஜத்தில் பல்லவர்கள் சாளுக்கியரை அடித்து விரட்டிய இடம், பள்ளிக்கூடத்தில் படித்ததை அம்மா இன்றைக்கும் மார்தட்டிச் சொல்வாள். நான் அவளிடம் மெதுவாகத்தான் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இன்னாங்க இது, அந்தக் காலத்துல ராஜா உசுரக் குடுத்துக் காப்பாத்துன ஊர, நீங்க சேர்ல குந்திகினே தூக்கிக் குடுத்துட்டீங்களா, நீங்கல்லாம் இன்னா சூப்பர்வைசரோ என்றாள். அதோடு பேச்சு நின்றது. தட்டில் சோறு வந்தது, குழம்பு வந்தது, வார்த்தை வரவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் டி.வி.யைப் பார்த்துச் சொன்னாள். செய்தி வாசிக்கிற பெண்ணிடம், எங்க ஊரு போச்சும்மா, ஒன்கு தெரியுமா என்று முறையிட்டாள். செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போகும்போதுகூட எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள். எனக்கு நிஜமாகவே கஷ்டமாகிவிட்டது, எப்படியாவது அந்த ஊரை மீட்டுக் கொடுத்தால்தான் வீட்டில் நிம்மதி என்று முடிவு பண்ணினேன்.

சண்டை போட ஆள் இல்லை, கலைத்துவிட்டேனே. அதனால் சமாதானத் தூது விட்டேன். தம்பி, அந்த ஒரு ஊரை மட்டும் திருப்பிக் கொடு, வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதினேன். குதிரை தருகிறேன், நெல் தருகிறேன் என்றேன். அவன், அய்யா, ஊரத் தாரதுல எனக்கு ஒண்ணுமில்ல, ஆனா சும்மா குடுத்தா எங்க மந்திரிமாரு என்னைய ஏசுவாங்கல்லா என்று பதில் போட்டான். ஒன்று சொல்ல வேண்டும், பிடித்த ஊரை அவன் கொள்ளையடிக்கவில்லை, பெயரைக்கூட மாற்றவில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். வேறு வழி தெரியாமல் விளையாட்டின் தூதுப் பட்டியலில் கீழே போய்ப் பார்த்தால் திருமண உறவு என்று ஒன்று இருந்தது. நம் அரண்மனை இளவரசிக்கு நீ உன் பெயரையே வைத்திருக்கிறாய், ராஜாக்கள் எல்லாம் செய்கிற தந்திரம்தானே என்று அவளை அவனுக்குப் பேசி ஓலை அனுப்பிவிட்டேன்.

டீ டம்ளரை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. மணிமங்கலம் திரும்பி வந்தது, கூடவே கேட்காமலே இரண்டு யானை. அடியில், அய்யா, மனசாரத்தான் சொல்லுதியளா, அம்மாவும் சம்மதிச்சுட்டாங்களா என்று எழுதியிருந்தான். நான் திரும்பத் திரும்பப் படித்தேன். எந்த ஊர் ராஜாவம்மா எதிரி வீட்டு அம்மாவின் சம்மதம் கேட்பான்? பையனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்து அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் டி.வி.யை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இப்பதான் ஒங்களுக்கு லைட் எரிஞ்சுதா, போன கிறிஸ்மஸ்ல வீடியோ பேசசொல்ல ஷெர்லின் பின்னால அந்தப் புள்ள கேக் தட்டு எடுத்துகினு போச்சே பாக்கலியா, அவங்கம்மாகிட்ட நான் கருவாட்டுக் கொழம்பு பக்குவமே கேட்டுகினு கீறேன் என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். அதைவிட, என்னிடம் சொல்ல நீ பயந்தாயே என்றுதான் மனசு வலித்தது. ராத்திரி படுத்து யோசித்தபோதுதான் புரிந்தது, உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க அவனையே எதிரியாக உட்காரவைத்து ஒரு வருஷமாக என்னை அவனோடு பழகவிட்டிருக்கிறாய். கெட்டிக்காரி. பையன் நேர்மையாக ஆடுகிறான், பெரியவர்களிடம் மரியாதையாகப் பேசுகிறான், தோற்றால் முகத்தைத் தூக்குவதில்லை. அவர்கள் சாமி வேறு, நம் கோயில் வேறு, அதைப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம், அதற்காக நீ தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஆனால் அந்தத் திருமண உறவு இன்னும் முடியவில்லை. கடைசியாக நம் பக்கத்திலிருந்து ஒரு தரம் உறுதி செய்ய வேண்டுமாம், ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள் திரையில் காத்துக்கொண்டிருக்கின்றன. அழுத்துங்க, அழுத்துங்க என்று அம்மா என் தோளைப் பிடித்து உலுக்குகிறாள். நான் கணினியை மூடி பீரோவில் வைத்துவிட்டேன். எதைப் பார்த்தாலும் அவசரப்பட்டு அழுத்துகிறவன் இதில் கை வைக்கக் கூடாது. அடுத்த டர்ன் உன்னுடையது, மகளே. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அப்பா உன் பக்கம்.

வேளைக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையை விடாதே, மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, ஆமோ இல்லையோ, அழுத்துவதற்கு முன்னால் அந்தக் கணவாயில் ஆள் நிறுத்து. மாப்பிள்ளையே ஆனாலும் யானை வைத்திருக்கிறான்.

உன் பதிலுக்காகக் கணினிப் பக்கமே போகாமல் உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா,
தாவீது