நான் ஊற்றுமுனைச் சந்தில் குடியிருக்கிறேன் என்பது பற்றி

அனுப்புநர்:
வுலாந்தாரி,
பரிமாற்ற மாணவி, அரபு மொழித் துறை,
லல்லா ரஹீமோ வீட்டு மாடி,
ஊற்றுமுனைச் சந்து, பழைய நகரம்,
தெத்துவான், மொரோக்கோ.

பெறுநர்:
உயர்திரு காயித் (வட்டார அதிகாரி) அவர்கள்,
வட்டார நிர்வாக அலுவலகம்,
தெத்துவான்.

பொருள்: குடியிருப்புச் சான்று மறுக்கப்பட்டது – நேரில் மறுவிசாரணை கோருதல் – விசாரிக்கும் முறை பற்றிச் சில ஐயங்கள் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மீது அமைதி உண்டாகுக.

1. நான் இந்தோனேசியாவின் மக்காஸர் நகரத்தைச் சேர்ந்தவள். ஒரு கல்வியாண்டு அரபு படிக்க வந்து, சென்ற செப்டம்பர் முதல் மேற்கண்ட முகவரியில் குடியிருக்கிறேன். இந்தக் கடைசிச் சொல்லை நிரூபிக்க முடியாமல்தான் இம்மனுவை எழுதுகிறேன்.

2. தங்குரிமை அட்டைக்கு நான் கொடுத்த விண்ணப்பம், எனக்குக் குடும்பப் பெயர் இல்லை என்று முதலில் திரும்பி வந்தது. எங்கள் ஊரில் பலருக்கும் ஒற்றைப் பெயர்தான். கணினிக்கு அது ஒத்துவரவில்லை. அட்டை அலுவலக ஜன்னலில் இருந்த அம்மையார் மனமிரங்கி, என் பெயரையே குடும்பப் பெயராகவும் போட்டுவிட்டார். இப்போது நான் வுலாந்தாரி வுலாந்தாரி. என் அம்மா கோபம் வந்தால் மட்டும்தான் இப்படி இரண்டு முறை கூப்பிடுவார். ஆனாலும் இதுபற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை.

3. அடுத்து, தங்கள் அலுவலகத்தின் குடியிருப்புச் சான்று வேண்டும் என்றார்கள். கையிலுள்ள தற்காலிக ரசீது இம்மாத இறுதியோடு முடிகிறது. சான்று இல்லையேல் அட்டை இல்லை, அட்டை இல்லையேல் நான் நாட்டை விட்டுப் போக வேண்டும், படித்த ஆண்டும் செல்லாது. பல்கலைக்கழகம் இதை எழுத்திலேயே தெரிவித்துவிட்டது.

4. தங்கள் அலுவலகத்துக்காகத் தெருத் தெருவாக விசாரிக்கும் முக்கத்தம் திரு. புஸல்ஹாம் எங்கள் சந்துக்கு வந்து விசாரித்தார். நான் வகுப்பில் இருந்தேன். மளிகைக் கடை முஃபத்தல் அவர்களும், சந்துக்காரர்கள் பிசைந்து கொண்டுவரும் ரொட்டியைச் சுட்டுத்தரும் பொது அடுப்பு நடத்தும் அயாஷி அவர்களும், அப்படி ஒரு பெண்ணைப் பார்த்ததே இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். ஐயா, முஃபத்தல் அவர்கள் தினமும் காலையில் எனக்குப் பால் எடுத்து வைப்பவர். அயாஷி அவர்களோ, என் ரொட்டி கோணலாக இருக்கிறது என்று சந்தே கேட்கும்படி கேலி செய்பவர்.

5. முக்கத்தம் மறுமுறை வந்தபோது நான் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தவர் வீட்டுக்கார அம்மையார் லல்லா ரஹீமோ. மாடியில் யார் என்று முக்கத்தம் கேட்டது என் காதில் விழுந்தது. லல்லா ரஹீமோ சற்றும் தயங்காமல், "எங்க அக்கா மக. மலையிலேருந்து வந்திருக்கா, ரெண்டு நாள்ல போயிருவா" என்றார். ஐயா, என் புகைப்படத்தை இணைத்துள்ளேன். என்னை யாராவது இந்த மலைப்பக்கத்துப் பெண் என்று நம்புவார்களா என்பதைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம்.

6. ஈரத் துணியும் கையுமாக நான் சந்து முனை வரை ஓடினேன். முக்கத்தம் நின்றார். நல்ல மனிதர், என் தேர்வு பற்றிக்கூட விசாரித்தார். பிறகு அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "நீ இங்கதான் இருக்கேன்னு எனக்குத் தெரியாதா மகளே? தினமும் பாக்குறேன். ஆனா நான் பாத்தத எழுத முடியாது. சந்துக்காரங்க சொன்னதத்தான் எழுதணும்." அவ்வாறே எழுதினார். இதைக் குறையாகச் சொல்லவில்லை, அறியும் ஆவலில் கேட்கிறேன்: எதிரே நின்று பேசுகிற ஆளைவிட, அந்த ஆள் இல்லை என்ற பேச்சுக்கு விதியில் ஏன் கூடுதல் மதிப்பு? எங்கள் ஊரில் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மறுநாளைக்குள் தெருத் தலைவரிடம் சொல்ல வேண்டும், தெரு முனையிலேயே பலகை வைத்திருப்பார்கள். இங்கே சொல்லாமல் இருப்பதுதான் விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை என்று புரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

7. அன்று லல்லா ரஹீமோவிடம் எனக்குக் கோபம் வந்தது உண்மை. வாடகை ஒப்பந்தத்தில் நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள், பிறகு ஏன் இப்படி என்று கேட்டேன். "காகிதம் வேற, வாசல்ல வந்து நிக்கிற ஆளு வேற" என்றார். பிறகு பட்டாணி உரிப்பதை நிறுத்திவிட்டு ஒரு விஷயம் சொன்னார். எனக்கு முன் அதே மாடி அறையில் அல்ஃபா என்ற கினி நாட்டு இளைஞர் இருந்திருக்கிறார். அயாஷி அவர்களின் அடுப்பில் வேலை பார்த்தவர், தங்குரிமை அட்டை இல்லாதவர். ஒருநாள் வெளியூர் அதிகாரிகள் சிலர் வந்து, இங்கே இருக்கிறாரா என்று கேட்க, சந்தே ஒன்றுசேர்ந்து ஆமாம், தங்கமான பையன் என்று சொல்லியிருக்கிறது. மறுநாள் அவரைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு சேதி இல்லை.

8. இது வேறு விஷயம், எனக்கு உண்மையைச் சொன்னால்தான் நல்லது, வெறும் காகிதத்துக்காகக் கேட்கிறார்கள் என்று மன்றாடினேன். "அல்ஃபாவுக்கும் அப்படித்தான் சொன்னாங்க, காகிதத்துக்குன்னு" என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்தேன்.

9. ஆகவே என் நிலையைத் தாங்கள் கருத வேண்டும். இவர்கள் உண்மை சொன்னதால் ஒருவர் போனார். இப்போது பொய் சொல்வதால் நானும் போகப் போகிறேன். அப்படி நடந்துவிட்டால் லல்லா ரஹீமோ தன்னை மன்னிக்கவே மாட்டார். எனக்கு என் படிப்பைவிட அந்தப் பயமே பெரிதாக இருக்கிறது. பொய்த் தகவல் தந்தார்கள் என்று இவர்கள் மீது நடவடிக்கை எடுத்துத்தான் எனக்குச் சான்று தர முடியும் என்றால், அந்தச் சான்று எனக்கு வேண்டாம். இதை யோசித்தே எழுதுகிறேன்.

10. ஒன்றை மட்டும் தங்கள் பரிசீலனைக்கு வைக்கிறேன். இந்தச் சந்தில் குடியிராத ஒருத்திக்காக இத்தனை பேர் எதற்குப் பொய் சொல்லப் போகிறார்கள்?

எனவே, வரும் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து மதியச் சாப்பாட்டுக்குக் குஸ்குஸ் இறக்கும் நேரத்தில், தாங்களே நேரில் எங்கள் சந்துக்கு வர வேண்டுகிறேன். அலுவல் உடையும் கையில் கோப்பும் இல்லாமல் வந்தால் பெரும் உதவியாக இருக்கும். யாரிடமும் என்னைப் பற்றிக் கேட்க வேண்டாம். கேட்டால் முஃபத்தல் அவர்கள் அப்படி ஒருத்தி இல்லை என்பார். அயாஷி அவர்கள் ஒருபடி மேலே போய், வழியே தப்பு என்று தங்களைத் திருப்பி அனுப்பப் பார்ப்பார். தயவுசெய்து இருவரையும் நம்பாமல் நேரே நடந்து வரவும். அடுப்பைத் தாண்டி இடப்பக்கம், பச்சைக் கதவு.

தட்டுங்கள் ஐயா, நானே வந்து திறக்கிறேன்.

இடம்: தெத்துவான்
நாள்: ஏப்ரல் 11

இப்படிக்கு,
தங்கள் வட்டாரத்தில் குடியிருக்கும்,
வுலாந்தாரி
(தங்கள் கோப்பில்: வுலாந்தாரி வுலாந்தாரி)

இணைப்பு: கடவுச்சீட்டு நகல், வாடகை ஒப்பந்த நகல், புகைப்படம்.