போகாத கல்யாணங்கள்

7-1-1979, ஞாயிறு

சபையில் இன்று மறுபடியும் நகைதான். பாஸ்டர் ஞானாபரணம் ஒன்றரை மணி நேரம் பேசினார். பெயரிலேயே ஆபரணத்தை வைத்துக்கொண்டு மனிதர் நகையை இப்படித் திட்டும்போது எனக்குச் சிரிப்பு வரும். அடக்கிக்கொள்வேன். நமக்கும் உலகத்தாருக்கும் பார்த்தவுடனே வேறுபாடு தெரிய வேண்டுமாம். எனக்குச் சொல்ல வேண்டுமா? வெள்ளைப் புடவை, பூ இல்லை, பொட்டு இல்லை, கழுத்தில் ஒரு நூல்கூட இல்லை. வியாழக்கிழமை இரண்டாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள்: "டீச்சர், உங்கூட்டுக்காரரு செத்துப் போயிட்டாருங்களா?"

"இல்லை சாமி, லாரி ஓட்டுகிறார்" என்றேன்.

இவரிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். இவருக்கென்ன? வெள்ளை வேட்டி கட்டிய ஆம்பளையை யாரும் எதுவும் கேட்பதில்லை.

ஆனாலும் குறை சொல்லக்கூடாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மனிதர் நாமக்கல் பக்கத்து வேலூர் கடைவீதிச் சாக்கடையில் கிடந்தார். தூக்கி வந்தவன் மாதையன். என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்தவன். இந்தப் பக்கத்தில் முதலில் சபைக்குப் போனவனும் அவன்தான். ஒன்பது நாள் எங்கள் மாட்டுக்கொட்டகையில் இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஜெபம் செய்தான். அதற்குப் பிறகு இவர் ஒரு சொட்டுத் தொடவில்லை. ஞானஸ்நானத்தன்று தாலியைக் கழற்றும்போது, கட்டினவரே திரும்பி வந்துவிட்டார், இனிக் கயிறு எதற்கு என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்தது நிஜம்.

16-1-1979

தங்கசாமி வந்தான். நாமகிரிப்பேட்டையிலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருக்கிறான், கையில் கரும்போடு. கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பெண் பெயர் சாந்தாமணி. தை பதினெட்டு, வியாழக்கிழமை முகூர்த்தம். எனக்கு இருப்பது இவன் ஒரு தம்பிதான், இவனுக்கு நான் ஒரு அக்காள்தான். சந்தோஷத்தில் அவன் தலையைத் தடவினேன்.

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அக்கா, இணைச்சீருக்கு நீதான் நிக்கோணும். தாலிக்கொடி இல்லாதவ எப்படி நிப்பான்னு அருமைக்காரர் கேக்கறாரு. ஒரே ஒரு நாளைக்கு ஒரு மஞ்சக்கயிறு. ஒரு பொட்டு. உன்ற சாமி அதுக்கா கோவிச்சுக்கும்?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"யாரைக் கேக்கோணும்? நீ என்ற அக்கா இல்லையா?"

சாப்பிட்டுப் போ என்றேன். பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டான்.

18-1-1979

பாஸ்டருக்கு இணைச்சீர் என்றால் என்னவென்றே தெரியவில்லை. நாகர்கோவில் பக்கத்து மனிதர். எங்கள் கல்யாணங்களை நடத்தி வைக்கிற பெரியவர்தான் அருமைக்காரர் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையையும் உடன்பிறந்தவளையும் வைத்துச் செய்கிற சீர் என்றேன். கூறைச்சேலையின் ஒரு முனையை அவன் பிடித்துக்கொள்வான், மறு முனையை அவள் பிடித்துக்கொள்வாள். பெண்டாட்டி வந்தாலும் கூடப் பிறந்தவளை விடமாட்டேன் என்பதற்காக. 

அவர் இரண்டே கேள்வி கேட்டார்.

"அதுல தேங்காய் உடைப்பாங்களா சிஸ்டர்?"

"உடைப்பாங்க."

"பிள்ளையார் பிடிச்சு வைப்பாங்களா?"

"வைப்பாங்க."

"அப்போ நான் சொல்ல என்ன இருக்கு? போறதும் போகாததும் உங்க பிரியம். போயிட்டு வந்து திருவிருந்துல அப்பத்துக்குக் கை நீட்ட முடியாது, அவ்வளவுதான்."

22-1-1979

இவரைக் கேட்டால் "உன்ற இஷ்டம்" என்கிறார். இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஒரு புருஷன் எதற்கு?

பயம் அப்பத்தைப் பற்றி இல்லை. நான் ஒரு காலை வெளியே வைத்தால் இவர் இரண்டு காலையும் வைத்துவிடுவாரோ என்றுதான். கயிற்றை ஒரு நாள் கட்டலாம் என்றால் ஒரு நாள் குடிக்கவும் செய்யலாம் என்று ஆகிவிடாதா? மகள் எஸ்தருக்குப் பன்னிரண்டு வயது முடிந்துவிட்டது. அப்பனைச் சாக்கடையில் பார்த்தவள்.

கார்டு எழுதிப் போட்டுவிட்டேன். கல்யாணத்துக்கு வருகிறேன், ஓரமாக நின்று பார்க்கிறேன், சீருக்கு மட்டும் நிற்கமாட்டேன் என்று.

29-1-1979

அம்மா ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறாள். சீருக்கு நிற்காதவள் பந்தலுக்கும் வரவேண்டாமாம். வெள்ளைச் சேலையோடு வந்து நின்றால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள்? அம்மா வாயால் வந்தாலும் இது தங்கசாமியின் பேச்சு.

1-2-1979, வியாழன்

பள்ளிக்கூடம் போனேன். நான்காம் வகுப்புக்கு ஏழாம் வாய்ப்பாடு. சீருக்குப் பெரியப்பா மகள் அங்காளம்மாள் நின்றிருப்பாள்.

4-2-1979, ஞாயிறு

என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். முடியாது என்றேன். பாஸ்டரே எழுந்து சொன்னார் — சொந்தத் தம்பியின் கல்யாணத்தை வெறுத்த சகோதரியாம். வெறுத்தேனா? யார் சொன்னது அவரிடம்? கூட்டம் முழுவதும் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று கத்தியது. நான் வாய்விட்டு அழுதேன். ஆவியில் நிறைந்து அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு இன்னும் சத்தமாகக் கத்தினார்கள். கிராதகர்கள்.

மாதையன் மட்டும் வெளியே செருப்பு மாட்டும்போது கிட்டே வந்து, "போயிருக்கலாமுங்க அம்மிணி. தம்பி மனசு என்னாகும்?" என்றான். சபையில் எல்லோரும் சிஸ்டர், பிரதர். மாதையனுக்கு மட்டும் நான் இன்னும் அம்மிணிதான். நானும் திருத்தியதில்லை.

12-6-1981

தங்கசாமிக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறதாம். ராசிபுரம் பஸ் கண்டக்டர் சொல்லித் தெரிகிறது.

3-9-1983

அம்மா போய்விட்டாள். நானும் இவரும் போனோம். பெண்கள் கூடி அழுகிற இடத்தில் எனக்கு மட்டும் யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. வேப்பமரத்தடியில் நின்றேன். தங்கசாமி இரண்டு தடவை என் முன்னாலேயே நடந்து போனான். மின்கம்பத்தைத் தாண்டிப் போவதுபோல. அங்காளம்மாள்தான் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், "அவனுக்கு இன்னும் ஆறலக்கா" என்றாள். நாலரை வருஷமா ஆறாது? எனக்கு மட்டும் ஆறிவிட்டதா? யாராவது கேட்டார்களா?

18-8-1985

எஸ்தருக்கு மாப்பிள்ளை தேட ஆரம்பித்துப் பத்து மாதம். டீச்சர் டிரெய்னிங் முடித்த பெண். எங்கள் சொந்தத்தில் யாரும் வாசல்படி மிதிக்கமாட்டார்கள், தெரிந்ததுதான். சபையில் கேட்கலாம் என்றால் — பாஸ்டரின் மகனுக்கே கேட்டுவிட்டார் இவர், ஒரு வெகுளித்தனத்தில். பாஸ்டரின் மனைவி, நாங்கள் பாஸ்டர் அம்மா என்று கூப்பிடுகிறவள், சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர். நாங்க எங்க ஆளுகளுக்குள்ளதான் குடுத்து எடுக்கிறது."

எங்க ஆளுகளா! தம்பியை விட்டுவிட்டு வா என்றபோது நான் யார் ஆள்? அப்போது எல்லோரும் ஒரே குடும்பம். இப்போது கல்யாணப் பேச்சு வந்ததும் நாகர்கோவில் தனி, நாமக்கல் தனி. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. இந்த வேஷக்காரர்களை நம்பியா நான் என் பிறந்த வீட்டை விட்டேன்?

9-2-1986

மாதையன் வந்தான், பெண்டாட்டி சென்னம்மாளோடு. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றான். உட்காரச் சொன்னார் இவர். உட்காரவில்லை. மகன் யோசுவாவுக்கு நாமக்கல் மாட்டாஸ்பத்திரியில் வேலை நிரந்தரமாகிவிட்டதாம். கையைக் கட்டிக்கொண்டு, சுற்றிச் சுற்றிப் பேசி, கடைசியில் சொன்னான்: "புள்ளைக ரெண்டும் பேசி வெச்சிருக்குதுங்க. நான் திட்டித்தான் பாத்தேன். உங்க மனசுக்கு ஒப்புனாப் பாருங்க, இல்லீன்னா நான் அவனை வேற ஊருக்கு மாத்திக்கிட்டுப் போகச் சொல்லிர்றனுங்க."

 உள்ளே போய்விட்டேன்.

10-2-1986

எஸ்தரிடம் முடியாது என்றேன். காரணம் கேட்டாள். பையன் நல்லவன், குடிப்பதில்லை, வேலை இருக்கிறது, நீங்கள் தேடுகிற அதே சபை. பிறகு என்ன?

"நம்ம ஆளுக இல்லையே கண்ணு" என்றேன்.

சொன்ன பிறகுதான் அதே வார்த்தையைப் பாஸ்டர் அம்மா சொல்லி நான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தது ஞாபகம் வந்தது. எஸ்தருக்கும் வந்திருக்க வேண்டும். கத்தவில்லை. "ஏம்மா, அப்பத்துக்கு நீங்க எப்பவும் முதல் வரிசையில ஓடிப்போய் உக்காருவீங்களே, எதுக்குன்னு எனக்குச் சின்ன வயசிலேயே தெரியும்" என்றாள்.

தெரிந்திருக்கிறது. எல்லோருக்கும் ஒரே கிண்ணத்தில் திராட்சரசம். சென்னம்மாள் வாய் வைப்பதற்கு முன்னால் எனக்கு வந்துவிட வேண்டும். ஒன்பது வருஷமாக ஒரு ஞாயிறு தவறாமல். இதைப் பற்றி இந்த நோட்டில்கூட நான் ஒரு வரி எழுதியதில்லை.

23-2-1986

இவர் சம்மதம் சொல்லிவிட்டார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் இப்படிச் சத்தம் போட்டதில்லை, குடித்த காலத்தில்கூட. "நான் சாக்கடையில கெடந்தப்ப அவன் என்ன ஆளுன்னு பாத்தா தூக்குனான்? ஒம்போது நாளு மாட்டுக்கொட்டாயில உக்காந்தானே, ஊட்டுக்குள்ள வாடான்னு நீயாவது நானாவது கூப்பிட்டமா?"

கூப்பிடவில்லைதான். ஆனால் மனசு வரவில்லை. வரவில்லை என்றால் வரவில்லை. பொட்டு வைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன், வெள்ளைச் சேலை பழகிக்கொண்டேன், பிறந்த வீடு இல்லாமல் பழகிக்கொண்டேன். இது ஏன் வரமாட்டேன் என்கிறது? முழங்காலில் நின்று கேட்டுப் பார்த்தேன். உண்மையில் கேட்டேனா என்றுகூடத் தெரியவில்லை.

20-4-1986

பாஸ்டர் சபையில் அறிவித்தார். எல்லா வேறுபாடும் ஒழிந்ததற்கு நல்ல சாட்சியாம். அவர் மருமகள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொன்னாள், அவர்கள் ஆளில் பிறந்த அந்த மருமகள்.

எஸ்தர் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பாட்டுப் புஸ்தகத்தைப் பார்த்தேன்.

22-5-1986, வியாழன்

கல்யாணம் பத்து மணிக்கு. எஸ்தர் ஏழு மணிக்கே தயாராகிவிட்டாள். வெள்ளைப் பட்டு. என் முன்னால் வந்து நின்று, "வாரீங்களாம்மா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். மேலுக்குச் சுகமில்லை என்றேன். என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்று தெரிந்துகொண்டு போய்விட்டாள். இவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

தம்பி கல்யாணத்துக்குப் போகாமல் இருந்ததைக் கர்த்தருக்காக என்று எழுதிக்கொள்ளலாம். இதை யாருக்காக என்று எழுதுவது?

மத்தியானம் ஒரு மணி இருக்கும். வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். தங்கசாமி. என்னிடம் அவன் பேசி ஏழு வருஷம் நாலு மாதம். காதோரம் நரைத்திருக்கிறது. படியேறி, கூப்பிடாமலே உள்ளே வந்து, சோபாவில் உட்காராமல் என் பக்கத்தில் பாயிலேயே உட்கார்ந்தான்.

"நீ போகலைன்னு கேள்விப்பட்டேன்க்கா. வேலூர் சந்தைக்கு வந்த எடத்துல சொன்னாங்க. அப்பத்தான் என்ற மனசு ஆறுச்சு. என்ன இருந்தாலும் நீ நம்மூட்டுப் பொண்ணு. ரத்தம் உட்டுருமா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். மாதையனைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். எழுந்து போடா என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடுப்பைப் பற்றவைத்தேன். முருங்கைக்கீரைப் பொரியல் அவனுக்குப் பிடிக்கும், ஓடிப்போய்ப் பறித்துவந்தேன். அவனுக்கு இலை போட்டுப் பரிமாறும்போது என் கை சும்மா பரபரவென்று இருந்தது. சந்தோஷம். வேறு ஒன்றுமில்லை. எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும். மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். அவன் மகளுக்குக் காது குத்து அடுத்த மாதமாம், முன்னால் நின்று நடத்த வேண்டும் என்றான். சரி என்றேன்.

சாயங்காலம் இவர் தனியாகத் திரும்பி வந்தார். பெண்ணையும் மாப்பிள்ளையையும் மாதையன் வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். யார் வந்தது என்று கேட்டார். தங்கசாமி என்றேன். எதற்கு வந்தான் என்று அவர் கேட்கவில்லை. கைகால் கழுவிக்கொண்டு வந்து, தனக்கு வேண்டிய சோற்றைத் தானே போட்டுக்கொண்டார்.